கெய்ரோ காயலான் கடையும் என் பழைய ஜிப்ஸியும்

எதிர் ஃப்ளாட் தஞ்சாவூர்க்காரர் பையன் புதுசாக தார் வாங்கியிருக்கிறான். இங்கே ஜெய்ப்பூரில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பசங்க நாலு பேர் சேர்ந்து, நாலு வண்டியில், டிசம்பர் லீவுக்கு ஜெய்சல்மேர் மணலில் இறங்கப் போகிறார்களாம். "அங்கிள், இந்த லிஸ்ட் ஓகேவா பாருங்க" என்று நீட்டினான். வின்ச், எல்.இ.டி. விளக்கு, கூரை கேரியர், இரும்பு பம்பர்... கூட்டிப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. டயர் காற்றை அளக்கும் கேஜ் மட்டும் இல்லை.

வின்ச்சை எதில் மாட்டி இழுப்பாய், அங்கே மரமே கிடையாதே என்றேன். "ஃபோர் வீல் டிரைவ் அங்கிள், அதெல்லாம் மாட்டாது" என்றான்.

2006ல் அடியேனும் இதையேதான் சொன்னேன். ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைந்திருந்த ஒரு அக்டோபரில் நாலு வண்டியாகக் கிளம்பினோம். என் ஜிப்ஸிதான் கடைசி. கூரை மேல் கேரியர், கேரியர் மேல் வீட்டில் பாதி. சாம் மணல்மேடுகளைத் தாண்டி ஒரு சரிவில் வண்டி ஆக்சில் வரை இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் போனது. முன்னால் போன மூன்று வண்டிகளும் மேட்டுக்கு அந்தப் பக்கம். செல்போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் கேன்கள் எல்லாம் முதல் வண்டியில் (என்ன அறிவு!). எங்களிடம் ஒரு பாட்டில்தான். பின் சீட்டில் தங்கமணி, ஆறு வயது மகள். தங்கமணி ஒன்றுமே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஒட்டகத்தோடு வந்த பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டயரைக் காட்டி "ஹவா நிகாலோ" என்றார். காற்றைப் பிடுங்கு! சாவி முனையால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் இறக்கினேன். சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலைத் தள்ளினோம். வண்டி ஏறி வந்தது.

ஊர் திரும்பியதும் இந்த வித்தையின் பூர்வீகத்தைத் தேடியபோதுதான் ரால்ஃப் பாக்னால்ட் கிடைத்தார். எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920களின் பிற்பகுதியில் லீவு கிடைக்கும்போதெல்லாம் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண கார்கள்! டயரில் காற்றைக் குறைத்தார்கள். குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிகிறது, எடை பரவுகிறது, மணல் தாங்குகிறது. புதைந்தால் சக்கரத்தடியில் போட இரும்புத் தகடு வேண்டுமே? முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்த தகடுகள் கெய்ரோவில் ஒரு காயலான் கடையில் கிடைத்தன. இன்று கலர் கலராக பிளாஸ்டிக்கில் விற்கும் மணல் பலகைக்கு அதுதான் தாத்தா.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் விஷயம். ரேடியேட்டர் கொதித்து ஆவி வெளியேறினால் நஷ்டம். அந்த ஆவியைக் குழாய் வழியாகப் பாதி தண்ணீர் நிரப்பிய டப்பாவுக்குள் விட்டார்கள். அங்கே அது குளிர்ந்து தண்ணீராகிவிடும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு வீணில்லை.

1940ல் போர் ஆப்பிரிக்காவுக்கு வந்ததும் அதே பாக்னால்ட் சில வாரங்களில் ஒரு படையை உருவாக்கினார், லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப். ஷெவர்லே லாரிகளை வாங்கி, கதவு, கூரை, முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினார்கள். 1941ல் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்டு லாரிகள் கொடுக்கப்பட்டன. எடை அதிகம், பெட்ரோலைக் குடித்தன. 1942ல் மறுபடி இரண்டு சக்கர இழுவை ஷெவர்லேவுக்கே திரும்பிவிட்டார்கள்! அந்தப் படையோடு இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டுகளிலிருந்து வந்த நம் ஆட்களும் ஒரு ஸ்குவாட்ரனாக இருந்தார்கள்.

தார் பின்னால் தொங்குகிற ஜெர்ரி கேனுக்கும் இந்தியாவுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1939ல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர், ஜெர்மன் சகா ஒருவரோடு பெர்லினிலிருந்து காரில் இந்தியாவுக்குக் கிளம்பினார். வண்டியெல்லாம் தயார், தண்ணீருக்குப் பாத்திரம் இல்லை (நம்ம ஜாதி!). ஜெர்மன் ராணுவம் சேர்த்து வைத்திருந்த கேன்களில் மூன்றைச் சகா கொண்டுவந்தார். வழியிலேயே அவரை ஜெர்மனி திரும்ப அழைத்துக்கொண்டது. ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வந்து சேர்ந்து, காரை அங்கேயே நிறுத்திவிட்டு அமெரிக்கா போய், இப்படி ஒரு கேன் இருக்கிறது என்று ராணுவத்திடம் சொன்னார். முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. பிரிட்டிஷ்காரர்களோ ஒழுகும் தகர டின்களில் பெட்ரோலைப் பாலைவனம் முழுக்கச் சிந்திக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் ஜெர்மன் கேனைத்தான் காப்பியடித்தார்கள். 20 லிட்டர், மூன்று கைப்பிடி, புனல் தேவையில்லை.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். கேட்டானா, மரியாதைக்கு உட்கார்ந்திருந்தானா தெரியவில்லை. நேற்று ராத்திரி மறுபடி வந்தான். கேரியர், விளக்கு கேன்சல். கேஜ், காற்றடிக்கும் பம்ப், இரண்டு மண்வெட்டி, ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியாகத் தண்ணீர். தார் ரோடு ஏறும் முன் காற்றை மறுபடி அடிக்காவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும் என்றேன். இழுக்கும் கயிற்றை டிரெய்லர் குமிழில் மாட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு வந்தால் பீரங்கிக் குண்டுதான். கயிற்றின் பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது. எல்லாம் எழுதிக்கொண்டான்.

"சரி, நாலு பேரில் கடைசி வண்டி யாரு? அவனை யாரு கண்ணாடியில் பார்த்துக்கிட்டே போறது?" என்று கேட்டேன்.

அதை இன்னும் பேசவில்லையாம்.