சோத்துக்கு முந்தி ஒரு தோத்திரம்: மாயூரம் முன்சீப்பிடம் இரண்டு கேள்விகள்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் காரைக்கால் வழியாகக் காவி உடுத்திய கூட்டம் கூட்டமாக ஆட்கள் தெற்கே நடப்பார்கள். வேளாங்கண்ணிக்கு. 29-ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. சின்ன வயசில் வாசலில் மோர்க்குடத்தோடு நிற்பது என் வேலை. ஒருமுறை காலெல்லாம் கொப்பளித்த ஒரு பெரியவரிடம், "எதுக்கு இவ்வளவு தூரம் நடக்குறீங்க?" என்று கேட்டேன். "மாதாகிட்ட ஒண்ணு கேட்டேன், குடுத்துட்டாங்க. நன்றி சொல்லப் போறேன் தம்பி" என்றார்.

கேட்டது, கிடைத்தது, நன்றி சொல்வது. இது எல்லாருக்கும் புரிகிற கணக்கு. ஆனால் எங்கள் வீட்டில் கேட்காமலே கிடைத்ததற்கும் நன்றி சொல்லுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போட்டு ஒரு சின்ன ஜெபம். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ஜெபம் முடிந்ததும் என் மகள் கேட்டாள்:

"அப்பா, சமைச்சது ஆயா. அரிசி விளைய வச்சது யாரோ ஒரு விவசாயி. அப்புறம் ஏன் சாமிக்கு தேங்க்ஸ் சொல்றோம்?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது: "சரி, சாப்பாடே இல்லாதவங்க என்ன சொல்லுவாங்க?"

"சாப்பிடும்மா, ஆறிடும்" என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. வழக்கம்போலப் பழைய புத்தகங்களுக்குள் போனேன். இந்தக் கடற்கரையில் இதே இரண்டு கேள்விகளோடு வாழ்ந்த ஒருவர் கையில் கிடைத்தார்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

முன்சீப் வருகிறார்

பெரும்பாலானோர்க்கு அவரை ஒரே வரியில் தெரியும். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்', தமிழின் முதல் நாவல், அதை எழுதியவர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த நாவலுக்கு வெளியே அவர் ஒரு கத்தோலிக்கர், ஒரு நீதிபதி, ஒரு கீர்த்தனைக்காரர். இந்த மூன்றும் சேரும் இடம்தான் என் கேள்விக்கு வேண்டியது.

1826 அக்டோபர் 11-ஆம் தேதி திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்தார். அப்பா சவரிமுத்துப் பிள்ளை, அம்மா ஆரோக்கிய மரியம்மை. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு மாவட்ட முன்சீப் ஆனார். 1857-இல் அவர் முன்சீப்பாக வந்து உட்கார்ந்த இடம் தரங்கம்பாடி. காரைக்காலிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர், நண்டலாற்றைத் தாண்டினால் வந்துவிடும்.

அந்த நேரத்து வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில். தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர்களிடம் இருந்து, 1845-இல்தான் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, 1718-இல் புதிய எருசலேம் தேவாலயத்தைக் கட்டிய ஊர். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தின் தாய்வீடு என்றே சொல்லலாம். அங்கே ஒரு கத்தோலிக்கத் தமிழர் நீதிபதியாக வருகிறார். பிறகு சீர்காழி, மாயூரம். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள். பேரே ஊரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் கோர்ட் என்றால் என்ன நடக்கும்? கொலையும் கொள்ளையும் அங்கே வராது. கடன், நிலம், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு. யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்ற கேள்விதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை. அதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்த மனுஷன் வீட்டுக்குப் போய்க் கடவுளைப் பற்றிப் பாட்டு எழுதினால் அந்தப் பாட்டு எப்படி இருக்கும்?

நன்றி என்ற சொல்

இங்கே கொஞ்சம் சொல்லாராய்ச்சி. இன்றைக்கு நன்றி என்றால் தேங்க்ஸ் என்று ஆகிவிட்டது. திருக்குறளில் 11-ஆம் அதிகாரத்தின் பெயரைப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்ட நன்மை. நாம் செய்யவேண்டிய வேலை 'சொல்லுதல்' இல்லை, 'அறிதல்'. அதாவது நமக்கு என்ன வந்தது, யார் வழியாக வந்தது என்று தெரிந்து வைத்திருப்பது. நம் ஊரில் அம்மா சோறு போட்டதும் யாரும் "நன்றி அம்மா" என்று சொல்வதில்லை. சொன்னால் அம்மாவே "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்பாள். சொல்லாததால் நன்றி இல்லை என்று ஆகிவிடாது. அறிந்திருக்கிறோமா என்பதே விஷயம்.

இன்னொரு சொல், கடன். தமிழில் வாங்கிய பணமும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். முன்சீப் கோர்ட்டில் அது முதல் அர்த்தத்தில் வரும். வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையில் இரண்டாவது அர்த்தத்தில் வருகிறது என்பது என் வாசிப்பு.

அவர் செய்ததைப் பாருங்கள். இங்கிலீஷ் படித்ததால் வேலை கிடைத்தது. கோர்ட்டுக்கு வந்து நிற்கிற குடியானவனுக்கோ சட்டம் எந்த மொழியில் இருக்கிறது என்றே தெரியாது. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். நாவலில்கூட நீதிமன்றம் தமிழில் நடக்கவேண்டும் என்று பாத்திரங்கள் வாயிலாக வாதாடுகிறார். லஞ்சம் புழங்குகிற இடத்தில் வேலை பார்த்தவர், 1859-இல் எழுதிய 'நீதிநூல்' புத்தகத்தில் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பெண்கள் படிக்கவேண்டும் என்று 1869-இல் 'பெண்மதி மாலை' எழுதினார். எழுதியதோடு நிற்காமல் மாயூரத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் தொடங்கினார்.

இதில் கோயில் எங்கே, பூசை எங்கே என்று கேட்கலாம். அவருக்கு அதுவும் இருந்தது. தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை என்று சுத்தமான கத்தோலிக்க நூல்களும் எழுதியிருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசுவாசம் திங்கட்கிழமை கோர்ட்டுக்கும் கூடவே போனது. மகளின் முதல் கேள்விக்கு எனக்கு இங்கே ஒரு பதில் கிடைத்தது. ஆயாவுக்கும் விவசாயிக்கும் பட்ட கடனைச் சாமி பேரைச் சொல்லித் தள்ளுபடி செய்வதற்கு இல்லை அந்த ஜெபம். அவர்களுக்கெல்லாம் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை, தினமும் ஒரு நிமிஷம் நின்று அறிவதற்கு.

தாது வருஷம்

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. அதற்கு 1876-க்குப் போகவேண்டும்.

தாது வருஷப் பஞ்சம். 1876-78-இல் மழை பொய்த்து இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த நேரத்திலும் தானியம் கப்பலேறிப் போனது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். காவிரி டெல்டா பாசனத்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஆனால் விலை ஏறியது. வறண்ட ஜில்லாக்களிலிருந்து பசித்தவர்கள் இங்கே வந்தார்கள். காரைக்கால் துறைமுகமோ அந்தக் காலத்தில் ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப் முதலான பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் கப்பலேறும் இடங்களில் ஒன்று. பசி ஒரு பக்கம் தள்ள, கடல் ஒரு பக்கம் இழுத்த காலம்.

அந்த நேரத்தில் வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் இருந்தார். தன் சொந்தப் பொருளைச் செலவழித்து, கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அதைப் பார்த்து அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர் யார் தெரியுமா? 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. பழுத்த சிவபக்தர் ஒரு கத்தோலிக்கருக்குப் பாட்டு எழுதுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் முன்பே 'குளத்தூர்க் கோவை' என்று இவர்மேல் ஒரு கோவையே பாடியிருந்தார். இந்தப் பக்கம் வேதநாயகம் பிள்ளையும் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து பாடல்கள் எழுதியிருக்கிறார். யார் யாரிடம் நன்மை கண்டார்களோ அதை அங்கேயே அறிந்துகொண்டார்கள். கழுத்தில் ஜெபமாலையா ருத்திராட்சமா என்று பார்க்கவில்லை.

நான் நின்றுபோன இடம் இதுதான். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்த வருஷம் 1878. பஞ்சத்தின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்த வருஷம். எந்த மதத்தவரும் வாய்விட்டுப் பாடும்படி, ராகம் தாளத்தோடு கடவுளைத் துதிக்கிற பாட்டுகள். பிணங்களைப் பார்த்த கண்ணோடு ஒருவர் எப்படித் துதிப் பாட்டுப் புத்தகம் போட முடியும்?

புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. அதே தொகுப்பில் பஞ்சப் பாட்டும் உண்டு. பஞ்சத்தைத் தீர், உன்னை விட்டால் யாரிடம் போவோம் என்று கடவுளிடமே நேராகப் போய் நிற்கிற பாட்டு. எல்லாம் நன்மைக்கே என்று பூசி மெழுகவில்லை. வாதி பிராது கொடுக்கிற மாதிரிக் கொடுக்கிறார். விவிலியத்தின் 150 திருப்பாடல்களிலும் கணிசமான பங்கு முறையீடுதான். நன்றியும் முறையீடும் எதிரெதிர்க் கட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே ஆளிடம்தானே சொல்கிறோம்? கொடுத்ததை அறிந்தவனுக்குத்தான் கொடுக்காததைக் கேட்கிற உரிமையும் வருகிறது.

பாட்டு ஒரு பக்கம், கஞ்சி இன்னொரு பக்கம். கஞ்சி ஊற்றாமல் துதி மட்டும் பாடியிருந்தால் அந்தப் புத்தகத்தை நான் மூடி வைத்திருப்பேன். சாப்பாடு இல்லாதவர்கள் என்ன சொல்லவேண்டும் என்று அவர் பாடம் எடுக்கவில்லை. சாப்பாடு இருக்கிறவன் என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் செய்து காட்டினார். பிறகு மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்து, 1889 ஜூலை 21-இல் காலமானார்.

பிடி அரிசி டப்பா

இதையெல்லாம் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். மகள் கேட்டதையும் முன்சீப் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் தம்பி அந்தக் காலத்துல பிடி அரிசி எடுத்து வச்சாங்க" என்றார்.

எனக்கு மறந்தே போயிருந்தது. என் ஆயா உலை வைக்கும் முன்னால், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த தகர டப்பாவில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும். டப்பா நிறைந்ததும் அது கோயிலுக்கோ, தெருவில் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கோ போகும். பல தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இருந்த பழக்கம்தான். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஆயா வேதநாயகம் பிள்ளையைப் படித்தவர் இல்லை, எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் ஒரு கைப்பிடியில் இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருந்தார். எடுக்கும்போது "தோத்திரம்" என்பார். அது வந்ததற்கு. டப்பாவில் போடுவது வராதவர்களுக்கு.

கத்தோலிக்கர்கள் நற்கருணை என்று சொல்வதன் கிரேக்க மூலச்சொல்லுக்கு 'நன்றி கூறல்' என்றுதான் பொருள். கையில் அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, பிட்டு, கொடுத்தது. எடுப்பதும் கூறுவதும் பிடுவதும் கொடுப்பதும் ஒரே செயல். ஆயாவின் டப்பாவை நினைத்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னை வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கழுவிக் காயவைத்தோம். மகள் அதன்மேல் பேப்பர் ஒட்டி 'பிடி அரிசி' என்று எழுதியிருக்கிறாள். ராத்திரி ஜெபத்திலும் ஒரு வரி அவளே சேர்த்துக்கொண்டாள்: ஆயாவுக்கும், அரிசி விளைய வச்சவருக்கும். யார் என்று பேர் தெரியாததால் "அந்த அங்கிளுக்கும்" என்கிறாள். முன்சீப் ஆட்சேபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.