ஹனாய் நகரத்து எலி வேட்டை

அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் நன்கறிந்த தொல்லை ஒன்றுண்டு. கதவு தாழிட்டிருக்கும், சாளரத்திற்கு வலையும் அடித்திருக்கும். ஆயினும் நள்ளிரவில் குளியலறை விளக்கை ஏற்றினால் கரப்பான் பூச்சிகள் நாற்புறமும் சிதறி ஓடும். சில வேளைகளில் எலியே எதிர்ப்படும். அவை வந்த வழி, நாம் அழுக்கு நீரை அனுப்பும் அதே குழாய்தான்.

1775-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரம் செய்பவர், கழிப்பிடக் குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும்படி அமைத்துக் காப்புரிமை பெற்றார். சாக்கடை நாற்றம் மேலேறாமல் தடுப்பதே அதன் நோக்கம். பூச்சிகளையும் அந்நீர் ஓரளவு தடுத்து நிறுத்தும். பல நாள் புழங்காமல் நீர் வற்றிவிடின், கரப்பானுக்குப் பாதை திறந்துவிடும். எலிக்கோ அந்நீர் ஒரு தடையே அன்று. மூச்சை அடக்கி மூழ்கி நீந்தி மறுபுறம் ஏறிவிடும்.

இந்த உண்மையைப் பெரும் பொருட்செலவில் கற்றவர்கள், வியட்நாம் நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள். 1897 முதல் 1902 வரை பால் டூமேர் இந்தோசீனாவின் தலைமை ஆளுநராக இருந்தார். ஐரோப்பியர் வாழ்ந்த ஹனாய் நகரப் பகுதி அகன்ற வீதிகளும் மாளிகைகளுமாக எழுந்தது. அதன் அடியில் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்திற்குப் பாதாளச் சாக்கடை ஓடிற்று. நாகரிகத்தின் சின்னம் என்று அதனைப் போற்றினர். நாட்டு மக்கள் நெருங்கி வாழ்ந்த பழைய பகுதிக்கு அவ்வசதி முறையாக எட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எலிகளுக்கு அச்சாக்கடை பெருங்கோட்டையாயிற்று. உள்ளே பூனையில்லை, ஆந்தையில்லை, உணவுக்கோ குறைவில்லை. அங்கே பெருகிய எலிகள் குழாய் வழியே மாளிகைகளின் கழிப்பறைகளிலேயே தலைகாட்டலாயின. இதைச் சிறு அருவருப்பென்று ஒதுக்கிவிட இயலவில்லை. 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் நோயின் கிருமியைக் கண்டறிந்திருந்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதை 1898-இல் பால் லூயி சீமோன் கராச்சியில் சோதித்துக் காட்டினார். எலி வந்தால் பின்னே மரணமும் வரக்கூடும் என்று ஆட்சியாளர் அஞ்சினர்.

1902 ஏப்ரலில் கூலிக்கு ஆள் அமர்த்தினர். இருளும் மலமும் நிறைந்த குழாய்களுக்குள் இறங்கியவர்கள் வியட்நாமியத் தொழிலாளர்களே. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் 20,000-க்கும் மேற்பட்ட எலிகள் கொல்லப்பட்டதாகக் கணக்கு உள்ளது. எனினும் எலி குறையவில்லை. பின்னர், கொன்ற எலியின் வாலைக் கொணர்வோர்க்கு வாலொன்றுக்கு ஒரு சென்ட் பரிசு என்று அறிவித்தனர். வால்கள் வந்து குவிந்தன. சில நாட்களில் தெருக்களில் வாலற்ற எலிகள் ஓடுவதை அதிகாரிகள் கண்டு திகைத்தனர்! வாலை அறுத்துவிட்டு எலியை விட்டுவிட்டால், அது குட்டி போட்டு மேலும் வால் தருமன்றோ? நகர்ப்புறத்தில் சிலர் எலிப்பண்ணையே நடத்தியதும் வெளிப்பட்டது. வறியவர் செய்த இக்கணக்கில் தவறு காண்பது கடினம்; பிழை பரிசை வகுத்தவர்களுடையது.

பரிசுத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் பிளேக் நோய் ஹனாய் நகரில் உயிர்களைக் கொண்டது. எலிகள் சாக்கடையிலேயே தங்கிவிட்டன.