கடவுச்சீட்டைப் பறிக்கும் முன் ஒரு விசாரணை: தாபரிப்பு நிலுவையும் வெளியேறும் உரிமையும்

ரெக்ஸ்டேலில் குடியிருந்து, பியர்சன் விமான நிலையத்தைச் சூழ்ந்த களஞ்சியங்களில் சரக்கேற்றி அமெரிக்காவுக்கு ஓடும் ஒரு ட்ரக் சாரதியை எடுத்துக்கொள்வோம். பிள்ளைத் தாபரிப்பில் 3,000 டொலர் நிலுவை சேர்ந்தாலோ, மூன்று தவணைகள் முழுமையாகக் கட்டப்படாவிட்டாலோ, ஒன்ராறியோவின் குடும்பப் பொறுப்பு அலுவலகம் அவருக்கு அறிவித்தல் அனுப்பலாம். 30 நாள் கழிந்தும் தீர்வில்லையென்றால், கடவுச்சீட்டை இடைநிறுத்தும்படி கூட்டாட்சி அரசிடம் விண்ணப்பிக்கலாம். தாபரிப்புக் கட்டளைகளை அமலாக்க உதவும் கூட்டாட்சிச் சட்டத்தில், 1997இல் சேர்க்கப்பட்ட அதிகாரம் இது.

அதிகாரம் தவறென்று நான் வாதிடவில்லை. தாபரிப்பு பிள்ளையின் உரிமை. தாயோ தந்தையோ விட்டுக்கொடுக்கக்கூடிய சலுகை அல்ல. 2021இல் கொலுச்சி வழக்கில், ஏறத்தாழ 1,70,000 டொலர் நிலுவையைக் குறைக்கக் கேட்ட தந்தையின் கோரிக்கையைக் கனடிய உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தந்தை பல ஆண்டுகள் வெளிநாடுகளில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களுக்காகவே இந்தச் சட்டம் வந்தது.

கேள்வி வேறு. கனடிய உரிமைச் சாசனத்தின் 6(1)ஆம் பிரிவு, நாட்டை விட்டு வெளியேறும் உரிமையைக் குடிமக்களுக்கு வெளிப்படையாகவே தருகிறது. கடவுச்சீட்டை மறுப்பது அந்த உரிமையைத் தொடுகிறது என்பதைக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் கமல் வழக்கில் ஏற்றது. பாதுகாப்புக் காரணத்தால் மட்டுமே அந்த மறுப்பை நியாயமெனக் கண்டது. அமெரிக்காவில் நிலை வேறு: 2002இல் யூனிக் வழக்கில், தாபரிப்பு நிலுவைக்காகக் கடவுச்சீட்டை மறுக்கும் சட்டம் நீதிமன்றத்தில் தேறிவிட்டது. வெளிநாட்டுப் பயண உரிமையை வெளிப்படையாகச் சொல்லாத அரசியலமைப்பின் தீர்ப்பை இங்கே முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது. நமக்கு நெருக்கமானது 2014இன் பத்திஸ்தா வழக்கு. தாபரிப்பு கட்டாததற்காகக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட ஓர் இத்தாலியத் தந்தையின் பக்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நின்றது. அந்த ஆளின் சூழ்நிலையை எடைபோடாமல், காலவரையறையின்றி, தானாகவே விழுந்த தடை என்பதே காரணம்.

கனடியச் சட்டம் அவ்வளவு குருடல்ல. நியாயமான கட்டணத் திட்டத்துக்கு இணங்கினால், அல்லது கட்ட இயலாமையை அலுவலகம் ஏற்றால், தடை நீங்கும். ஆனால் எடைபோடுவது வசூலிக்கும் அலுவலகமே. இந்த நடவடிக்கைக்கு எதிராக மேன்முறையீடு இல்லை என்று அச்சட்டமே சொல்கிறது. இதே நிலுவைக்காக ஓட்டுநர் உரிமம் பறிபோகும் நிலை வந்தால், சாரதி 30 நாளுக்குள் நீதிமன்றம் சென்று இடைநிறுத்தத்தைத் தடுக்கும் கட்டளை கேட்க ஒன்ராறியோச் சட்டம் இடம்கொடுக்கிறது. ட்ரக்கை ஓட்டும் உரிமத்துக்கு நீதிபதி; எல்லையைத் தாண்டும் கடவுச்சீட்டுக்கு எழுதுவினைஞர். இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கடவுச்சீட்டுக்கும் விசாரணை வைத்தால் ஏய்ப்பவர்கள் தப்புவார்கள் என்ற மறுப்பு வலுவானதுதான். சம்பளத்தில் பாதிவரை பிடிக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சொந்த ட்ரக் வைத்து ஒப்பந்தத்தில் ஓடுபவரிடம் பிடிக்கச் சம்பளமே இல்லை. அவர் அஞ்சுவது கடவுச்சீட்டு பறிபோவதற்குத்தான். ஆனால் உரிம வழக்கில் நீதிபதி வெறுங்கையோடு அவரை விடுவதில்லை: மாதம் இவ்வளவு கட்டு, தவறினால் உரிமம் போகும் என்று நிபந்தனை போடுகிறார். கடவுச்சீட்டுக்கும் அதே நிபந்தனையோடு அதே விசாரணையைக் கூட்டாட்சிச் சட்டம் சேர்க்கலாம். எல்லை தாண்டி உழைத்த பணம் பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கும்போதே நிலுவையும் குறையும்.