எங்கிருந்து வந்தவர்?

அச்சேறியதெல்லாம் உண்மை என்று நம்பிக் கும்பிடுவோர் ஒருபுறம். தம்மைப் புகழாத ஏட்டைக் கண்டதும் தடை செய்க என்று முழங்குவோர் மறுபுறம். இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையே, ஏட்டைப் பொறுமையோடு பிரித்து, எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், யார் சொல்லக் கேட்டு எழுதினார் என்று வினவிடும் வாசகர் ஒருவர் வேண்டும். அத்தகையோர் நம்மிடையே மிகச் சிலர். அவர் தொகை பெருக வேண்டுமெனில், ஒரே நூலைப் பலர் பலவிதமாகப் படித்த வரலாற்றை நாம் அறிந்திடல் வேண்டும். அவ்வரலாற்றின் ஒரு பக்கம் கொல்லிமலையிலே தொடங்குகிறது.

இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய கொல்லிமலை, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தேவனூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்கள் யார் என்று கேட்டால், பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். காரியும் ஓரியும் பட்டியலில் அருகருகே நிற்கிறார்கள், எதுகையும் இனிக்கிறது. உண்ணும் சோற்றையும் பகிர்ந்துகொண்ட தோழர்கள் போலும் என்றே இளம் உள்ளம் எண்ணிடும்.

ஆனால் சங்கப் பாக்கள் கூறுவது என்ன? முள்ளூர் மன்னன் காரி, போரிலே ஓரியைக் கொன்றான்; கொன்றதோடு நில்லாமல் கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான். அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் கல்லாடனார் இதனைக் குறிப்பிடுகிறார். சமவெளியிலே பிறந்த மாணவனுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம் செய்யவேண்டிய ஏழு பெயர். மதிப்பெண் கிடைத்ததும் மறந்துபோகும். அரியூர் நாட்டிலே பிறந்த மாணவனோ வேறு விதமாகப் படிப்பான். எங்கள் மலையை ஆண்டவனைக் கொன்று, எங்கள் மலையை இன்னொருவனுக்குத் தந்தவன் எப்படி வள்ளலாவான்? பிறன் மலையைக் கொடுப்பதும் ஒரு கொடையா? இக்கேள்விகளுக்குப் பாடநூலின் அந்த ஒரு வரியிலே விடை கிடையாது. விடை வேண்டின், ஓரியைப் பாடியவர் வன்பரணர், காரியைப் பாடியவர் கபிலர், பாடியவர் எவரும் தத்தம் புரவலன் பக்கம் நின்றே பாடினர் என்பதை ஆசிரியர் எடுத்துக்காட்ட வேண்டும். பட்டியல் பொய்யன்று. அது யாருடைய நாவிலிருந்து பிறந்த புகழ் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

அம்மாணவன் அடுத்துக் கேட்பது இன்னும் கூரியது. ஓரியின் குடிமக்கள் வேறு, இன்று இம்மலையில் வாழும் நாங்கள் வேறா? இங்குதான் ஆங்கிலேய அதிகாரிகளின் ஏடுகள் குறுக்கே வந்து நிற்கின்றன.

1883-ல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு வெளிவந்தது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். மலையாளி என வழங்கும் மலைமக்களைப் பற்றி அவை பேசுகின்றன. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இம்மக்கள் பேசுவது தமிழே. மூன்று உடன்பிறந்தார் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினர், வேறு வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்ற கதை இவ்வேடுகளிலே பதிவாயிற்று. மக்கள் வாயிலே வழங்கிய கதைதான். ஆனால் துரைமார் கையால் அச்சேறியதும் அது வரலாறு என்ற பெயரைத் தாங்கிக்கொண்டது.

இதனை இருவிதமாகப் படிக்கலாம். “காஞ்சியிலிருந்து வந்த வேளாண்குடி நாங்கள், தாழ்ந்தவரல்லர்” என்று பெருமை கொள்வோர் உண்டு. “கீழிருந்து வந்தவர் என்று எழுதிவைத்தால், மலையும் காடும் எமக்கு உரியன என்ற வழக்கு என்னாவது?” என்று அஞ்சுவோரும் இருக்கலாம். மலைவாழ் பழங்குடியினர் பட்டியலிலே இடம்பெற்ற மக்களுக்கு இந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று. பகுத்தறிவாளர் மூன்றாவது விதமாகப் படித்திடல் வேண்டும். அக்கதையே பல குலத்துப் பெண்கள் கலந்த குடி இது என்று ஒப்புக்கொள்கிறதே! தூய குருதி, கலப்பற்ற குலம் என்ற பேச்சையெல்லாம் கதையே கவிழ்த்துவிடுகிறதே! மேலும், மூக்கையும் மண்டையையும் அளந்து குலத்தைக் கணக்கிட்டவர் தர்ஸ்டன். அந்த அளவுகோலை இன்றைய அறிவியல் கைவிட்டுவிட்டது. அளவுகோல் போனபின்னும் அவர் எழுதிய வரிகளை மட்டும் வேதமாக்குவானேன்?

எங்கிருந்து வந்தவர் என்ற இக்கேள்வி கொல்லிமலையோடு நின்றுவிடவில்லை. அதே நூற்றாண்டில் நெல்லைச் சீமையிலே அது பெரும்புயலையே எழுப்பிற்று.

கால்டுவெல் என்றதும் நம் நெஞ்சம் நிமிர்கிறது. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர். தமிழ் வடமொழியின் வயிற்றிலே பிறந்ததன்று, தனிக்குடும்பத்து மொழி என்று உலகின்முன் நிறுவியவர். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையிலே அவருக்குச் சிலை எழுந்தது. நன்று. ஆனால் அதே கால்டுவெல் 1849-ல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் என்றார். அவர்தம் அறிவையும் வாழ்வையும் தாழ்த்தி எழுதினார். சீமையிலுள்ளோர் படித்து இரங்கிப் பொருளுதவி செய்வதற்கென எழுதிய நூல், அம்மக்களே ஒருநாள் ஆங்கிலம் பயின்று படிப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்காத நூல்!

அந்த நாளும் வந்தது. திருச்சபைப் பள்ளிகளிலே பயின்ற தலைமுறை அந்நூலைக் கையிலெடுத்தது, கொதித்தது. சட்டம்பிள்ளை வெள்ளைப் பாதிரியாரின் சபையைவிட்டே விலகி, 1857-ல் தனிச்சபை கண்டார். 1880-களில் சாமுவேல் சற்குணர் கால்டுவெல்லை மறுத்து நூல் எழுதினார். மறுப்பு நூல்களிலே, தாங்கள் சத்திரியர், மன்னர் மரபினர் என்ற கூற்று மேலோங்கிற்று. இழிவென்று எழுதியவனுக்கு இறுமாப்பே விடை என்பதை நாம் ஏற்பதற்கில்லை. சாதி ஏணியில் ஒருபடி மேலே ஏறுவதால் ஏணி ஒழிந்துவிடாது. ஆயினும் ஒன்றைப் பாராட்டுவோம். எழுதப்பட்டவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஏட்டுக்கு ஏட்டாலே விடை தந்தார்கள்.

ஒப்பிலக்கணத்தின் கதையையும் மறவாதீர்கள். 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்புகளிலே, பறையர் திராவிடரே என்று கால்டுவெல் வாதிட்ட பகுதி இருந்தது. 1913-ல் வந்த மூன்றாம் பதிப்பிலே அது இல்லை! நாம் போற்றும் நூலிலேயே கத்தரி புகுந்திருக்கிறது. பிந்தைய பதிப்பை மட்டும் படித்தோர், அப்படியொரு வாதம் நடந்ததையே அறியாமல் போயினர்.

நம் காலத்துக்கு வருவோம். மத்திய அரசின் கல்வி நிறுவனம் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலே, உடையின் சமூக வரலாறு பற்றிய பாடம் ஒன்று இருந்தது. திருவிதாங்கூரிலே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடியதையும், 1859-ல் அரசு பணிந்து ஆணை பிறப்பித்ததையும் அது கூறிற்று. ஆனால், நாயர் நிலக்கிழாரிடம் வேலை செய்யக் குடியேறி வந்தவர் நாடார் என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. 2012-ல் தமிழகத்திலே எதிர்ப்பு எழுந்தது. பிறந்த மண்ணிலேயே வந்தேறிகளா என்று கேட்டனர். கேட்டதிலே நியாயமும் இருந்தது. வழக்கு மன்றம் வரை சென்றது.

முடிவு என்னவாயிற்று? பிழையான வரியைத் திருத்தினார்களா? இல்லை. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியையே விலக்கச் சொல்லி மத்தியக் கல்வி வாரியம் சுற்றறிக்கை விடுத்தது. 2019-ல் பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு வரியை எதிர்த்தார்கள், வரலாறே போயிற்று! புண்பட்டோர் மனம் ஆறிற்று என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் தாய்மார் அடியுண்டு, கிழிபட்டு வென்றெடுத்த உரிமையை இந்திய மாணவர் படிக்கும் வாய்ப்பு மறைந்ததே என்று வருந்தியோரும் உண்டு. இந்த இரண்டாம் கூட்டத்தாரோடுதான் நாம் நிற்கிறோம். இழிவைத் துடைக்க எழுந்த கை, போராட்டத்தின் தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டால், ஆதாயம் யாருக்கு? அன்று மேலாடையைப் பறித்தவர்களின் பெயர் காக்கப்படுகிறது. பறிகொடுத்தவர்களின் வெற்றி மறக்கப்படுகிறது.

தோழர்களே! ஒரு நூலைப்பற்றி வாசகர்கள் மாறுபடுவது நோயன்று. உடல் உயிரோடிருக்கிறது என்பதற்கு அடையாளம். நாடியைப் பார்த்து மருந்து தர வேண்டிய இடத்தில் உறுப்பையே வெட்டுவதுதான் நோய். பாடநூலிலே பிழை கண்டால், பிழை இது, சான்று இது என்று எழுதுவோம், திருத்தச் சொல்வோம், திருத்தும்வரை விடமாட்டோம். பக்கத்தைக் கிழிக்கச் சொல்லோம். கிழித்த பக்கத்திலே நம் பாட்டியின் கண்ணீரும் இருக்கக்கூடும்.

கொல்லிமலைக்கும் இதுவே வழி. லெ ஃபானுவும் தர்ஸ்டனும் எழுதியதை மறைக்க வேண்டா. வகுப்பிலே வைத்துப் படிப்போம். அதன் அருகே இன்னொரு ஏடு வேண்டும். மூதாட்டியர் நினைவிலுள்ள பாட்டும் பழமொழியும், சாமையும் ராகியும் விளைந்த காட்டுநிலத்தின் கதையும், பட்டாவுக்காக அலைந்தவர்களின் மனுக்களும் அதிலே சேர்தல் வேண்டும். அதனை எழுதவேண்டியவர் துரையுமல்லர், தலைநகரத்துப் பேராசிரியரும் அல்லர். அரியூர் நாட்டிலே எழுத்தறிந்த முதல் தலைமுறையும் அதன் பிள்ளைகளுமே ஆவர். எங்கிருந்து வந்தவர் என்று பிறர் கேட்டு, பிறரே விடையும் எழுதிக்கொண்ட காலம் போதும்.