செங்கால் உத்திரமும் ரப்பர் பலகையும்: ஒரே ரம்பம், இரு வேறு கோளாறுகள்

பினாங்கில் வீட்டோடு தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்களின் மேசை ரம்பத்தில் இரண்டு மரங்கள் அடிக்கடி ஏறும். ஒன்று, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும்போது கழற்றிப் போடும் செங்கால் (chengal) மர உத்திரம். மற்றது, மலிவாகக் கிடைக்கும் ரப்பர் பலகை. வெட்டு கருகினாலும் ரம்பம் திணறினாலும் உடனே மோட்டாரைக் குறை சொல்கிறோம். எந்த மரத்தை அறுத்தபோது அப்படி ஆனது என்று கேட்டுவிட்டால் பாதி விடை கையில் வந்துவிடும்.

காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டர் 915 முதல் 980 கிலோ வரை எடை இருக்கும். ரப்பர் மரம் 560 முதல் 640 கிலோ. கனமான மரம்தான் ஆபத்தானது என்று பலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செங்கால் கொடுக்கும் தொல்லையில் ஒளிவுமறைவு கிடையாது. பாரம் தாங்காமல் ரம்பத்தின் வேகம் இறங்கும். மிஞ்சினால் ஓவர்லோட் சுவிட்ச் விழும். அப்போது ஓசையைக் கவனிக்க வேண்டும். மோட்டாரின் சத்தமும் சேர்ந்து தாழ்ந்தால், பல் மழுங்கியிருக்கும், அல்லது மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறைந்திருக்கும். மோட்டார் அதே சுதியில் ஓட, பிளேடின் வேகம் மட்டும் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. நீளவாக்கில் கிழிக்க 24 பல் பிளேடு போதும். 60 பல்லை மாட்டிக்கொண்டு செங்காலைக் கிழிப்பவர் வெட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம்.

செங்காலின் பிசினைக் காட்டிலிருந்து எடுத்து 'தாமார் பெனாக்' என்ற பெயரில் விற்றதுண்டு. அறுக்கும் சூட்டில் பிசின் பல்லின் பக்கங்களில் படிந்து, கூர் இருந்தும் வெட்டைக் கருக்கும். புதுப் பிளேடு வாங்குமுன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழையதைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த கையோடு துடைத்து உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். உத்திரத்துக்குள் தலை ஒடிந்து புதைந்த ஆணி வேறு தொல்லை. காந்தத்தால் தடவிப் பார்க்காமல் அறுத்தால் கார்பைடு பல் தெறித்துப் போகும். வெட்டிய முகத்தில் ஒரே இடைவெளியில் கோடு விழுவது அதற்கு அடையாளம்.

ரப்பர் மரத்தின் கதை வேறு. நம் மூத்தவர்கள் தோட்டத்தில் பால் வெட்டிய மரம்தான். 25, 30 வயதில் பால் வற்றியதும் வெட்டி விறகாக்கினார்கள்; 1980களில்தான் அது மலேசியாவின் பெரிய மரச்சாமான் தொழிலாக வளர்ந்தது. மெத்தென்று அறுபடும், ஆனால் இழையில் இழுவிசை உறைந்திருக்கும். நீளவாக்கில் கிழிக்கையில் அந்த விசை விடுபட்டு, வெட்டுத் தடம் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால் பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டரில் ஓடுகிறது. பின்பக்கப் பற்கள் பலகையைக் கவ்வினால், அந்த வேகத்தோடு நம்மை நோக்கித்தான் எறியும்; இதுதான் 'உதை'. மோட்டார் திணறி முன்கூட்டி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிளேடின் பின்னால் நின்று வெட்டுத் தடம் மூடாமல் காக்கும் பிளவுத் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றிச் சுவரில் மாட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் பலகை அறுப்பவர் அதைச் செய்யவே கூடாது. பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நிற்பதும், கைக்குப் பதில் தள்ளுகோல் வைப்பதும் அதோடு சேர்ந்தவை.

பலகையை அணைத்துத் தள்ளும் ஃபென்ஸ் பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால், செங்காலில் ஒரு பக்கம் கருகும். ரப்பரில் மேற்சொன்ன உதைக்கு அது துணைபோகும். முதலில் பிளேடு மேசைப் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு பல்லில் மையால் குறியிட்டு, அதை முன்னும் பின்னும் சுழற்றி, அந்தப் பள்ளத்திலிருந்து இரு இடங்களிலும் தூரத்தை அளவெடுங்கள். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். பிறகு ஃபென்ஸை அந்தப் பள்ளத்துக்கு இணையாக வையுங்கள்.

தூளிலும் இரண்டும் ஒன்றல்ல. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. பூஞ்சையும் துளைப்பூச்சியும் அதைத் தேடி வருவது அதனால்தான். அந்தத் தூள் ரம்பத்தின் வயிற்றில் தங்கி இங்குள்ள ஈரக்காற்றைக் குடித்தால், பிளேடை ஏற்றி இறக்கும் பல்சக்கரங்களில் அடையாக இறுகும். கைப்பிடி சுழலவில்லை என்று எண்ணெய் ஊற்றுவது அடைக்கு இன்னும் பசை சேர்ப்பதுதான். சுரண்டி எடுத்துவிட்டுக் கிராஃபைட் போன்ற உலர் மசகு போடலாம். வார்ப்பிரும்பு மேசைக்கு மெழுகு பூசுங்கள். சிலிக்கான் கலந்த ஸ்பிரே வேண்டாம். அது மரத்தில் ஒட்டினால் பின்னர் அடிக்கும் வார்னிஷ் குழி குழியாக விலகும்.

ரப்பரே வேண்டும், உதையின் அபாயம் குறைய வேண்டும் என்பவர்கள் விரல் இணைப்புப் பலகை வாங்கலாம். ஆலையில் மரத்தைச் சிறு துண்டுகளாக்கி ஒட்டுவதால் நீள இழையின் இழுவிசை ஆங்காங்கே அறுபட்டுவிடுகிறது. ஒட்டிய பசை பல்லைச் சற்றுச் சீக்கிரம் மழுக்கும். அந்தச் செலவு எனக்குச் சம்மதம்.