வீடு பிரிந்தது, தண்ணீர் பிரியவில்லை



'சேர்ந்து வாழ்வதா, பிரிந்து வாழ்வதா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கீங்க. எதிரணி நண்பர், "பிரிஞ்சவன் உருப்பட்டதா சரித்திரமே இல்லை"ன்னு சொல்லிட்டுப் போனார். சரித்திரத்தைக் கூப்பிட்டுட்டாரு, அதனால நானும் அதையே சாட்சிக்குக் கூப்பிடுறேன். பிரிந்தும் உருப்பட்ட வீடு சிங்கப்பூர்! (கைதட்டல்)

1963 செப்டம்பர் 16. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் எல்லாம் சேர்ந்து மலேசியான்னு ஒரே குடும்பம் ஆனாங்க. சிங்கப்பூர் ஏன் சேர்ந்தது? சின்னத் தீவு. ஜனத்தொகை ஏறக்குறைய 18 லட்சம். குடிக்கத் தண்ணீர் போதாது. செய்கிற சரக்கை விற்க மலாயாச் சந்தை வேணும். 'பொதுச் சந்தை' உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினாங்க. ஆனா கடைசிவரைக்கும் அந்தச் சந்தை வரவே இல்லை.

பணத் தகராறு ஒரு பக்கம். அதைவிடப் பெரிசு உரிமைத் தகராறு. மலாய்க்காரர்களுக்குச் சிறப்புரிமை வேணும் என்றது கோலாலம்பூர். எல்லா இனமும் சமம் என்கிற மலேசியா வேணும் என்றது லீ குவான் யூவின் கட்சி. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் இனக்கலவரம் வெடிச்சுது. 36 உயிர் போச்சு. நடுவர் அவர்களே, வாய்ச்சண்டை போடுகிறவர்களைச் சேர்த்து வைக்கலாம். உயிர் போகிற வீட்டில் என்ன செய்வது?

பிரித்துவிடுவதுன்னு பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் முடிவுக்கு வந்தார். 'துரத்திட்டாங்க'ன்னுதான் ஊர் பேசும். ஆனா சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கோடு ரகசியமா உட்கார்ந்து பேசித்தான் பாகம் பிரிச்சாங்க. 1965 ஆகஸ்ட் 7 கையெழுத்து. 9-ஆம் தேதி கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் ஆதரவு 126 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டு வருஷம்கூட நிறையாத குடித்தனம் முடிஞ்சுது. அன்றைக்கு லீ குவான் யூ தொலைக்காட்சியிலேயே அழுதுவிட்டார்.

இன்னொருத்தரை நினைச்சுப் பாருங்க. அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், மலாயாவில் வளர்ந்தவர். கையெழுத்துப் போட அவருக்கு மனசே வரலை. வளர்ந்த மண் ஒரே கையெழுத்தில் வெளிநாடு ஆகுதே! கடைசியில் போட்டார். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரும் அவரே ஆனார். தனிக்குடித்தனம் சும்மா கிடைக்காதும்மா, அதுக்கும் ஒரு விலை உண்டு.

இப்ப தண்ணீருக்கு வர்றேன். சிங்கப்பூருக்குக் குழாய்த் தண்ணீர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வருது. 1961, 1962 ஆகிய இரண்டு வருஷங்களில் போட்ட ஒப்பந்தம். இவ்வளவு கோபத்திலேயும் என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்த ஒப்பந்தங்கள் செல்லும் என்கிற உறுதியைப் பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதி, ஐ.நா. சபையில் பதிவும் பண்ணினாங்க. முதல் ஒப்பந்தம் 2011-ல் முடிஞ்சுது. அடுத்தது 2061 வரைக்கும் இருக்கு. நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு விலை 3 சென்! (சிரிப்பு) விலை கட்டாதுன்னு மலேசியா வருஷக்கணக்கா கேட்குது. சண்டை ஓயலை. ஆனா சண்டைக்காகக் குழாயை மூடலை. சிங்கப்பூரும் அதையே நம்பி உட்காரலை. 2003-லிருந்து கழிவுநீரைச் சுத்தம் பண்ணிப் பயன்படுத்துது, 2005-லிருந்து கடல்நீரையும் குடிநீராக்குது.

நம்ம ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறாங்க. நிலத்தை அங்குலம் அங்குலமா அளக்கிறாங்க. அம்மாவோட அண்டா குண்டாவைக்கூட எண்ணுறாங்க. கிணத்துத் தண்ணி முறையை மட்டும், "அதெல்லாம் நமக்குள்ள பார்த்துக்கலாம்"னு வாய்வார்த்தையா விட்டுடுறாங்க. அப்புறம் பேரன் காலம் வரைக்கும் கோர்ட்டுக்கு நடக்கிறாங்க! (கைதட்டல்)

சேர்ந்து வாழ முடிஞ்சா சந்தோஷம். முடியாதபோது மனசுக்குள்ள விஷத்தை வச்சுக்கிட்டு ஒரே கூரையில் கிடக்க வேண்டாம். பிரியுங்க. பிரிகிற அன்றைக்கே கிணத்து முறையை மறக்காமல் பத்திரத்தில் எழுதிடுங்க.