ஊருக்குப் பெயர் தருபவர் யார்?



பிள்ளைக்குப் பெற்றோர் பெயர் சூட்டுகின்றனர். ஓர் ஊருக்குப் பெயரும் பட்டப்பெயரும் சூட்டுபவர் யார்? வரலாற்றை நோக்கின் இதற்குப் பல விடைகள் கிடைக்கின்றன.

யட்டவத்தையில் வாழும் நமக்கு அறிமுகமான கண்டி நகரையே எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னனின் காலத்தில் அந்நகர் தோன்றியது என்பர். அதன் பழம்பெயர் செங்கடகல. அங்கே குகையொன்றில் வாழ்ந்த செங்கண்ட என்னும் பிராமணரால் வந்த பெயர் அது என்பர் ஒரு சாரார்; அவ்விடத்துக் கல்லொன்றால் வந்தது என்பர் மற்றொரு சாரார். மன்னர்களின் தலைநகரானதும் சிங்கள மக்கள் அதனை ‘மகாநுவர’, அதாவது பெருநகர் என்றழைத்தனர். மலைமேலுள்ள நாடு என்ற பொருளில் ‘கந்த உட ரட்ட’ என வழங்கிய இராச்சியத்தின் பெயரைப் போர்த்துக்கேயர் ‘கந்தியா’ எனச் சுருக்கினர். ஆங்கிலேயர் அதனைக் ‘கண்டி’ என்றாக்கினர். இவ்வாறு நாட்டின் பெயர் நகரின் பெயராயிற்று. 1815இல் மன்னராட்சி முடிவுற்றது. எனினும் இன்றும் சிங்களச் சகோதரர்களின் நாவில் அது மகாநுவரயே!

சகோதரர்களே! தொழிலாலும் ஊருக்குப் பெயர் அமையும். கண்டி மன்னராட்சியில் ‘மடிகே பத்த’ என்றொரு நிர்வாகப் பிரிவு இருந்தது. பொதிமாடுகளில் சரக்கேற்றிச் செல்லும் தவளப் போக்குவரத்து அதன் பொறுப்பு. நம் முன்னோர் பலர் அதில் பணிபுரிந்தனர். மலைநாட்டுப் பாக்கைக் கரையோரத்துக்குக் கொண்டு சென்றனர். உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மீண்டனர். பிறர் பொருளைச் சுமந்து நெடுவழி செல்பவனிடம் அமானிதம் இல்லையேல் அத்தொழில் ஒருநாளும் நிலைக்காது. ‘மடிகே’ என்னும் அச்சொல் இன்றும் சில ஊர்ப்பெயர்களில் வாழ்கின்றது.

இனி மதீனாவைப் பாருங்கள். ஹிஜ்ரத்துக்கு முன் அதன் பெயர் யஸ்ரிப். பழித்தல் என்னும் பொருளுடைய அரபு வேர்ச்சொல்லோடு அறிஞர்கள் அதனைத் தொடர்புபடுத்துவர். கி.பி. 622இல் நபியவர்கள் அங்கு வந்த பின்னர் அது ‘மதீனத்துந் நபி’, நபியின் நகரம் ஆயிற்று. தூய்மையைக் குறிக்கும் ‘தாபா’, ‘தைபா’ என்ற பெயர்களும் வழங்கின. ஆண்டாண்டு காலம் போரிட்ட அவ்ஸும் கஸ்ரஜும் ஒன்றுபட்டு, அகதிகளாய் வந்தோருக்கு வீட்டையும் தோட்டத்தையும் பங்கிட்டுக் கொடுத்த ஊருக்கு அப்பெயர்கள் எத்துணைப் பொருத்தம்!

மற்றொரு நகர் பக்தாத். கி.பி. 762இல் கலீபா மன்ஸூர் அதனை நிறுவி, ‘மதீனத்துஸ் ஸலாம்’, அமைதியின் நகரம் எனப் பெயரிட்டார். அப்பெயர் நாணயங்களிலும் பொறிக்கப்பட்டது. வட்ட வடிவில் அமைந்தமையால் ‘வட்ட நகரம்’ என்றும் அழைக்கப்பட்டது. ஆனால் 1258இல் ஹுலாகுவின் படை அதனைச் சூறையாடியபோது அமைதி என்ற பெயர் அதனைக் காக்கவில்லை. பெயரைச் சூட்டுவது எளிது. பெயருக்கேற்ப வாழ்வதும் அதனைக் காப்பதும் அரிது.

நேயர்களே! பட்டப்பெயரால் பிறரை இழிவுபடுத்துவதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கின்றது. நாமோ தனிமனிதரை மட்டுமன்றி, அயலூர் முழுவதையுமே ஒரு கேலிச் சொல்லால் அழைத்துவிடுகிறோம். ஒருவர் செய்த தவற்றுக்காக ஊரிலுள்ள அனைவரும் அப்பெயரைச் சுமக்கின்றனர்; பிறந்த குழந்தையும் சுமக்கின்றது; பெண் கேட்டுச் செல்லுமிடத்திலும் அது முன்வந்து நிற்கின்றது. இது அநீதியல்லவா?

‘யட்டவத்த’ என்ற சிங்களப் பெயர் கீழேயுள்ள தோட்டம் எனப் பொருள்படும். அது நிலம் தந்த பெயர். இவ்வூரார் எத்தகையோர் என்று சிங்களவரும் தமிழரும் தம் வீடுகளில் பேசிக்கொள்ளும்போது கிடைக்கும் பெயரோ வேறு. கடையின் தராசும், கொடுத்த வாக்கும், அயலவர் வீட்டுத் துக்கத்தில் நாம் நின்ற நிலையுமே அப்பெயரை எழுதுகின்றன.

நம் ஊர்களுக்கு நற்பெயர் தேடித்தரும் நன்மக்களாக வல்ல நாயன் நம்மனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.